ஜேபஸ் என்றொரு கொக்கி

அன்புள்ள ஜேபஸ்,

இருமல் குறைந்ததா? விட்பி கடற்காற்றில் நிற்காதீர்கள். நான் நலம்தான். ஒன்றை வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன். இங்கே ஹாலிஃபாக்ஸ் மிட்டாய்ப் பட்டறையில், சூடான சர்க்கரைப் பாகைச் சுவர்க் கொக்கியில் மாட்டி இழுத்து இழுத்து வெளுக்க வைப்பதுதானே என் வேலை? அந்தக் கொக்கிக்கு உங்கள் பெயரை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க அதோடுதான் பேச்சு. உங்களைப் போலவே அதுவும் பதில் சொல்லாது.

வியாழக்கிழமை முதலாளி வந்து, கிறிஸ்துமஸுக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இழுக்காமல் விட்ட பாகு வழிந்து என் இடது பூட்ஸ்மேல் இறங்கிவிட்டது.

"அடியே தர்ஸா, உன் புருஷன் உன் கால்ல விழுந்துட்டாருடி!" என்று பக்கத்துக் கொக்கியில் இழுக்கிற நெல்லி கத்தினாள். பட்டறையே சிரித்தது. நானும்தான்.

கால் சுடவில்லை. பூட்ஸ்தான் பாழ். அங்கே வீட்டில் கிடக்கும் என் பழைய பூட்ஸ் மட்டும் வேண்டும். தபாலில் போடாதீர்கள், நசுங்கிவிடும். நீங்களே கொண்டு வாருங்கள். கிறிஸ்துமஸ் அன்றைக்கென்றால் ரொம்ப நல்லது.

விளக்கு அணையப் போகிறது, முடிக்கிறேன்.

உங்கள் தர்ஸா

பி.கு.: இன்று அந்தப் பூட்ஸோடுதான் சர்ச்சுக்குப் போனேன். மழை ஈரத்தில் சர்க்கரை இளகியிருந்தது. பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். எனக்கு இடது கால் தரையைவிட்டு வரவில்லை. உட்கார்ந்தே பாடினேன்.