நாற்பத்தொரு பீப்பாயில் தண்ணீர் ஊற்ற மறுக்கும் மனு

அனுப்புநர்:
ப. செல்வநாயகி,
உரிமையாளர், சிலிக்கான் மறுசுழற்சிக் கூடம்,
பீங்கான் தொழிற்பேட்டை, விருத்தாசலம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: பீப்பாய்களைத் தண்ணீர் விட்டுக் கழுவி ஒப்படைக்கச் சொல்லும் 08.07.2025 நாளிட்ட உத்தரவை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

1. கழித்துப்போட்ட பீங்கான் கோப்பைகளைக் கூடையில் வாங்கி விற்றுத் தொழிலுக்கு வந்தவள் நான். படிப்பு எட்டாம் வகுப்பு. எது குப்பை, எது சரக்கு என்பது மட்டும் நன்றாகத் தெரியும். ரப்பர் போன்ற சிலிகோன் பொருள் செய்யும் ஆலைகளில் ஒரு திரவம் மிஞ்சும். அதில் சிலிக்கானும் சிலிக்கானும் கைகோத்துக் கிடப்பதால் ஒன்றுக்கும் உதவாது என்று எரித்துவிடுவார்கள். அமீன் என்னும் வேதிப்பொருளும் ஈரமில்லாத அமில வாயுவும் சேர்த்துச் சூடாக்கி அந்தப் பிடியை உடைத்தால், ஆலையே திரும்ப வாங்கிக்கொள்ளும் மூலப்பொருள் கிடைக்கும். பீங்கான் உடைந்தால் குப்பை. இது உடைந்தால்தான் சரக்கு. முறைப்படி அனுமதி பெற்று, வேதியியல் முதுகலை படித்த மதிவதனியின் மேற்பார்வையில் இரண்டாண்டாக இதைச் செய்கிறேன்.

2. கடந்த 24.06.2025 அன்று ஆய்வுக்கு வந்த அலுவலர் அந்தத் திரவம் இருந்த ஒரு பீப்பாயைத் திறக்கச் சொன்னார். ஒரு கரண்டி அளவு தரையில் சிந்தியது. இந்த ஊர்க் கூடங்களில் களிமண் குழம்பு எங்கே சிந்தினாலும் தண்ணீர் விட்டுக் கழுவுவதே பழக்கம். அவரும் அதையே பார்த்துப் பழகியவர். எங்கள் தொழிலாளி கொளஞ்சி, "சார், தண்ணி மட்டும் வேணாங்க, மணல் போட்டுடுறேன்" என்று கும்பிட்டுச் சொன்னார். "நான் பாக்காத பீப்பாயாய்யா?" என்று கேட்டுவிட்டு, குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரை அலுவலரே எடுத்து ஊற்றினார்.

3. தண்ணீர் பட்டால் அந்தத் திரவம் அமிலப் புகை கக்கும்; அப்படியே வெள்ளைப் புகை கிளம்பியது. அவர் ஜீப்புக்கு ஓடினார்; அவருடைய இடது காலணி இன்றும் எங்களிடம்தான் உள்ளது. கொளஞ்சி மணலைக் கொட்டி அடக்கிவிட்டு, மூச்சுத் திணறி மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தார். ஆய்வறிக்கையிலோ, "கூடத்தில் நச்சுப்புகை வெளியேறியது" என்று மட்டும் இருக்கிறது. செம்பைப் பற்றி ஒரு வரி இல்லை.

4. அந்த அறிக்கையைக் காட்டிக் கூடத்துக்குச் சீல் வைத்துவிட்டார்கள். இருக்கட்டும், அதை வழக்காடிப் பார்த்துக்கொள்வேன். இப்போது அதே அலுவலர் கையொப்பமிட்டு, நாற்பத்தொரு பீப்பாயையும் 18.07.2025க்குள் குழியில் கொட்டி, "நீரால் நன்கு கழுவி" ஒப்படைக்கச் சொல்கிறார். ஒரு கரண்டி படுத்திய பாட்டை அவரே பார்த்தார். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பொம்மை வார்க்கும் பெண்கள் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள்.

5. ஆகவே இந்த உத்தரவுக்கு நான் கீழ்ப்படிய மாட்டேன். உரிமத்தைப் பறித்தாலும் மாட்டேன். இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை. பதிவேட்டில் ஏற வேண்டும் என்றே எழுதுகிறேன்.

6. 18ஆம் தேதிக்கு முன் உத்தரவை நிறுத்துங்கள். வேதியியல் தெரிந்த ஒருவரை அனுப்பிப் பீப்பாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றியது யார் என்பதை அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கழுவியே தீர வேண்டும் என்றால், கையொப்பமிட்டவரே செம்போடு வரட்டும். வாசலில் நான் நிற்பேன். காலணியையும் அப்போதே வாங்கிக்கொள்ளலாம்.

இடம்: விருத்தாசலம்
நாள்: 14.07.2025

தங்கள் விசாரணைக்கு எந்நேரமும் ஆயத்தமாக உள்ள,
ப. செல்வநாயகி