டிராக்டர் கிளம்பாத விஷயமாக

செங்கல்
கொல்லம் ஆண்டு 1123, புரட்டாசி 4

பிரியமுள்ள அத்தான் அவர்களுக்கு, கல்யாணசுந்தரி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் குழந்தை மரகதவல்லியும் சுகம். உங்கள் தலைவலி எந்த மட்டில் இருக்கிறது என்று தெரியாமல் என் மனம் ஒரு நிலையில் இல்லை. ஆடியில் அதியன்னூர் வரப்பில் டிராக்டரிலிருந்து விழுந்தபோது, ஒரு கீறல்கூட இல்லை என்று சிரித்துக்கொண்டே எழுந்தீர்கள். அன்று விழுந்ததற்கு இத்தனை நாள் கழித்தா தலைவலி வரும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழைய பட்டாளக்காரர் என்பதால் பெங்களூர் ஆசுபத்திரியில் இடம் கிடைத்ததே, அது பெரிய காரியம். தம்பி குற்றாலிங்கம் கூட இருப்பது எனக்குத் தைரியம். ஆனால் அவன் போடுகிற கார்டில் "அத்தான் சுகம்" என்பதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது.

இனி டிராக்டர் விஷயம். நீங்கள் போன மறுவாரமே அது பிணங்கிக்கொண்டது. வெயில் ஏறினால் எப்படியோ கிளம்புகிறது. மழை பெய்து விடிந்த காலையில் என்ன செய்தும் கிளம்புவதில்லை. சாவியை முதல் திருப்பில் வைத்தால் முன்பலகையில் உள்ள கம்பிச்சுருள் சிவக்கும், சிவந்தால் என்ஜினுக்குள் பிளக்குகள் சூடேறிவிட்டன என்று அர்த்தம், அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்று சொல்லித் தந்தீர்கள். அந்தச் சுருள் இப்போது சிவப்பதே இல்லை. டிரைவர் செல்லையன் பாட்டரி செத்துவிட்டது என்கிறான். பாட்டரி செத்திருந்தால் முன்விளக்கு எப்படி அவ்வளவு பளிச்சென்று எரிகிறது? இதுவும் எனக்குப் புரியவில்லை.

நேற்று இரண்டு ஜோடி மாட்டைப் பூட்டி டிராக்டரை இழுத்துக் கிளப்பினோம். உழவுக்கு மாடு வேண்டாம் என்று வாங்கிய வண்டியை மாடு இழுக்கிறது என்று ரோட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். தாணுலிங்கம் மாமா சிரிக்கவில்லை. அவருடைய வயலை உழுது தருவதாக நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். "நாத்து மூத்துப் போச்சு மக்கா. கொஞ்ச நாள் பாப்பேன், பொறவு ஏரைக் கெட்டி எறக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஒருவர் ஏரைக் கட்டினால், மற்றவர்களும் நம்மைக் கூப்பிடமாட்டார்கள்.

என்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள். உங்களைத் தொந்தரவு செய்ய மனமில்லை. ஆனால் டிராக்டரைப் பற்றி எழுதச் சொன்னால் உங்களுக்கு உற்சாகம் வரும் என்றும் ஒரு நினைப்பு.

உங்கள் பாதம் பணியும்,
கல்யாணசுந்தரி


செங்கல்
புரட்டாசி 15

பிரியமுள்ள அத்தானுக்கு, உங்கள் இரண்டு கடிதங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. முதல் கடிதத்தில் எழுதியபடியே செய்தோம். பாட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, வயர்களை இறுக்கி முடுக்கினோம். சுருள் சிவக்கவில்லை.

இரண்டாவது கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. பிளக்குகள் மாலையில் பூ கோத்ததுபோல ஒரே வயரில் வரிசையாக இருக்கின்றன, ஒன்று அறுந்தாலும் எல்லாம் செத்துப்போகும் என்று எழுதியிருந்தீர்கள். அது புரிந்தது. ஒவ்வொரு பிளக்கின் இரண்டு முனைகளையும் துணி சுற்றிய செம்புக் கம்பியால் சேர்த்துப் பிடி, எதில் பிடிக்கும்போது சுருள் சிவக்கிறதோ அதுதான் கெட்டது என்றீர்கள். அதுவும் புரிந்தது. ஆனால் ஆறாவது பிளக்கிலிருந்து தொடங்கு, அதுதான் எப்போதும் முதலில் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தான், நம் டிராக்டரில் நாலு பிளக்தான் இருக்கிறது.

மூடியைத் திறந்து நானே கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். மறைவில் இரண்டு இருக்குமோ என்று செல்லையனை அடியில் படுத்துப் பார்க்கச் சொன்னேன். "இதுல நாலு ஆக்கும் உள்ளது கொச்சம்மா, அஞ்சாவது ஒண்ணு நான் கண்டதே இல்ல" என்றான். யாராவது இரண்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களோ என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடிவிட்டது. "என்னையா நினைக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் சொன்ன பதிலைக் கேட்காமலே வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் நான் போய்க் கூப்பிட்ட பிறகுதான் வந்தான். இரண்டு பிளக் எங்கே போயின என்ற பயத்தில், இருக்கிற நாலில் கம்பி வைத்துப் பார்க்கவும் கை வரவில்லை. தப்பாகச் செய்து மொத்தமும் எரிந்துபோனால் என்ன செய்வேன்?

இன்னொன்று. கம்பியைப் பிடிக்க ரபேலைக் கூப்பிடு என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ரபேல் அத்தான்? உங்களோடு பட்டாளத்தில் லாரி ஓட்டிய பொழியூர் ரபேல் என்றால், அவன் பர்மா ரோட்டில் லாரியோடு பள்ளத்தில் போய்விட்டான் என்று நீங்கள்தானே வந்து சொன்னீர்கள்? அன்று நீங்கள் சாப்பிடக்கூட இல்லை. வேறு ரபேல் யாராவது உண்டா? எழுதுங்கள். தம்பியையும் கூட ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

கல்யாணசுந்தரி


செங்கல்
புரட்டாசி 27

என் அத்தானுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தில் கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோல் விட்டுக் கழுவு என்று இருந்தது. அதைச் செல்லையனிடம் படித்துக் காட்டினேன். அவன் என்ஜினை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு, "நம்ம வண்டி டீசல் அல்லவா கொச்சம்மா, இதுல அது கிடையாதே. ஏமான் எழுதுறது வேற ஏதோ வண்டியப் பத்தி ஆக்கும்" என்று மெதுவாகச் சொன்னான். கடிதத்தின் கடைசியில், குழந்தை பிறந்துவிட்டதா, என்ன பேர் வைத்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பட்டாள நம்பர் இருந்தது.

மரகதவல்லி அப்போது என் மடியில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது.

அதன் பிறகுதான் உங்கள் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். ஆறு பிளக் பர்மாவில் நீங்கள் ஓட்டிய பெட்ரோல் லாரிக்கு. செம்புக் கம்பி நம் டிராக்டருக்கு. இரண்டும் உங்களுக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டன. நான் லாரியை விட்டுவிட்டு டிராக்டரை மட்டும் எடுத்துக்கொண்டேன். செல்லையன் சாவியைத் திருப்பி வைத்தான். நான் கம்பியைப் பிடித்தேன். முதல் பிளக்கில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் பிடித்ததும், "செவக்குது, செவக்குது" என்று செல்லையன் சொன்னான். கழற்றிப் பார்த்தால் உள்ளே இழை அறுந்து தனியாகக் கிடந்தது. கம்பியையே அங்கே கட்டிவிடலாமே என்று செல்லையன் கேட்டான். அப்படிச் செய்தால் மற்ற மூன்றும் சூடு தாங்காமல் எரியும் என்று நீங்கள் எழுதியிருந்ததால் நான் சம்மதிக்கவில்லை. திருவனந்தபுரம் போய்ப் புதியது வாங்கி வந்து போட்டான். மறுநாள் காலை நல்ல மழை. சுருள் சிவந்தது, டிராக்டர் கிளம்பியது. தாணுலிங்கம் மாமா வயல் உழுதாயிற்று, நடவும் நடக்கிறது. உங்கள் கடிதம் இல்லையென்றால் இது நடந்திருக்காது. இதைத் தம்பி உங்களுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்ட வேண்டும்.

உழவு முடிந்த அன்றே தம்பிக்குத் தந்தி கொடுத்து, உண்மையைச் சொல் என்று கேட்டேன். எழுதிவிட்டான். விழுந்த அன்றே மண்டைக்குள் ரத்தம் கசிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி மூளையை அழுத்துகிறதாம். எலும்பில் துளை போட்டு அதை எடுத்தால் தெளிவு வரும் என்று டாக்டர் சொல்கிறாராம். எவ்வளவு தெளிவு என்று மட்டும் சொல்ல முடியாதாம். நான் பயப்படுவேன் என்றுதான் மறைத்தானாம். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று பதில் தந்தி கொடுத்துவிட்டேன். சரியாகச் செய்தேனா என்று கேட்பதற்கும் நீங்கள்தான் வேண்டும்.

நாளைக் காலை மரகதவல்லியைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறேன். நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலி போய் ரயில் ஏறுவோம். ஆபரேஷனுக்கு முன்பே வந்துவிடுவோம். டிராக்டர் செல்லையன் பொறுப்பில் நிற்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் அத்தான். நான் வந்து கட்டில் பக்கத்தில் நிற்கும்போது யார் என்று தெரியாவிட்டால், என் மனம் நோகுமே என்று தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ள வேண்டாம். நீ யார் என்று தாராளமாகக் கேளுங்கள். நான் சொல்கிறேன். மறுபடி கேட்டால் மறுபடியும் சொல்கிறேன். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சலிப்பு வராது.

நம் செங்கல் ஊர்ச் சிவன் உங்கள் சிரசைக் காக்கட்டும்.

உங்கள் மனைவி,
கல்யாணசுந்தரி