பாதி ஏரியில் திரும்புகிறவள்

என் வாயாடி பவிக்கு,

நீ போய் இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணும், பொறுத்துக்கொள். தொட்டிலில் தூங்குவது உன் மருமகள். பத்து மாதம். மூக்கு அப்படியே உன் அண்ணனுடையது, அதாவது உன்னுடையதும்.

உன் சைக்கிளை எடுத்துவிட்டேன். கோபமா?

காய்ச்சல் என்று நீ படுத்த நாளிலிருந்து அது படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. போன வாரம் அத்தைதான் துடைத்து, காற்றடித்து, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "பிள்ளையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிரும் தாயி. அவ மாதிரி பாட்டக் கேட்டுக்கிட்டே ஏரிய ஒரு சுத்து சுத்திட்டு வா. நான் இருக்கேன்ல?" மகளைப் பறிகொடுத்துவிட்டு நிற்பவர் சொல்லும்போது எப்படி மறுப்பேன்?

திண்டுக்கல்லிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு, இந்தக் கொடைக்கானல் குளிரில் முதலில் பிடித்தது அந்த ஏரிச் சுற்று ஒன்றுதான். நீ முன்னால், நான் வாடகை சைக்கிளில் பின்னால். உன் ஹேண்டில்பாரில் கட்டிய குட்டி ஸ்பீக்கர். மூடுபனியில் நீ மறைந்தாலும் பாட்டைப் பிடித்துக்கொண்டே வந்துவிடுவேன். "மிதிங்க மதினி! பல்லவி முடியிறதுக்குள்ள அந்த மரத்தத் தாண்டணும்!" என்று கத்துவாய். குதிரைக்காரர்கள் சிரிப்பார்கள்.

இப்போது ஒற்றைக் காதில் இயர்போன். மற்ற காது வண்டிச் சத்தத்துக்கு. ஆனால் எந்தப் பாட்டிலும் வயலின் மேலே ஏறுகிற இடத்தில் பிள்ளை அழுகிறது. நிறுத்தினால் அழுகை இல்லை. மறுபடி போட்டால் மறுபடி அழுகை. எனக்கு மட்டும்தான் இப்படியா? போன் செய்வேன்.

"அத்தை, அழுகுறாளா?"

"இங்க யாரும் அழுகல. நீதான் அழுகுற மாதிரி பேசுற."

மூன்றாவது தடவை, "பாட்டுக் கேக்கப் போனியா, போன் பேசப் போனியா?" என்பார்.

ஒரு வாரமாகிறது, ஒரு நாளும் முழுச் சுற்று முடிக்கவில்லை பவி. எதிர்க்கரை வரை போவேன். அங்கே பயம் வரும். வந்த வழியே திரும்பிவிடுவேன்.

நேற்று அத்தை போனை எடுக்கவே இல்லை. எதிர்க்கரையிலேயே சைக்கிளைத் திருப்பினேன். அங்கே சோளம் சுடுகிற அக்கா விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, தெனமும் இங்க வந்துதான் திரும்புறீங்க. எதையாச்சும் விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"பிள்ள வீட்ல இருக்காக்கா. வெரசாப் போகணும்."

"அட, ஏரியச் சுத்துற ரோடுதான? முன்னால போனாலும் அம்புட்டுத் தூரந்தான!"

இது எனக்குத் தோன்றவே இல்லை. பி.எஸ்சி. கணிதம் படித்தவள்!

முன்னால் போனேனா? இல்லை. தெரிந்த பிறகும் திரும்பித்தான் போனேன். இப்போதுதான் பார்த்து வந்த வழி என்றால் பயம் கொஞ்சம் குறைவு.

வீட்டு வாசலில் அத்தை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எனக்கு முதுகைக் காட்டியபடி. ஏரியை முழுசாகச் சுற்றி முடிப்பவர்கள் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு. நீ வருகிற பக்கம்.

பின்னாலிருந்து நான் மணியடித்ததும் திரும்பி, "வந்துட்டியா" என்றார். அவ்வளவுதான். போனை உள்ளேயே வைத்துவிட்டாராம். பிள்ளை அழவே இல்லையாம். இத்தனை நாளும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் நின்றாரா?

நாளைக்கு அந்தப் பக்கமாகவே வருகிறேன், பவி. பாட்டுக்குள் பிள்ளை அழும், அழட்டும். போன் செய்ய மாட்டேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதே. ஆனால் முன்னால்தான் மிதிப்பேன்.

உன் பயந்தாங்கொள்ளி மதினி