ஆறாம் நம்பர் ரூமின் ராசி

பிள்ளைப்பாக்கம்

அன்புள்ள நிலாவுக்கு, உன்னைப் பெற்ற சந்திரம்மாள் எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, நம் ஆறு ரூம்களில் வாடகைக்குக் குடியிருக்கும் கம்பெனி ஜனங்கள் எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ போனில் சொல்கிற லட்சணம் எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் இந்த மூணாங்கிளாஸ் கையெழுத்து. பெருமாள்சாமி அண்ணன் மகன் ஜெர்மனிக்குத் திரும்பிப் போகிறான், மிளகாய்ப் பொடியோடு இதையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறேன், பொடி சிந்தியிருந்தால் தும்மிக்கொண்டே படி. போனிலேயே பேசலாமே என்பாய். பேசலாம், ஆனால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்பார், அப்புறம் பேசுவது முழுக்க அவராகத்தான் இருக்கும்.

போன வாரம் அவர் பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் நீ சொன்னாயே, அம்மா எனக்கு இந்த வேலைக்கு மூளை பத்தலம்மா, தெனம் காலைல குடோன் ஸ்டாக் கணக்கு தப்பா வருது, எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கிக்கினு நிக்கிறேன், எழுதிக் குடுத்துட்டு வந்துடட்டுமா என்று. நான் சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டேன். பதில் தெரியாமல் இல்லை, போனில் சொல்ல முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. அதற்கு முன்னால் ஆறாம் நம்பர் ரூம் விஷயம் எப்படி முடிந்தது என்று கேள், நீ ஆரம்பித்து வைத்ததுதானே.

அந்தக் கடைசி ரூமுக்கு யார் வந்தாலும் நிலைத்ததில்லை. வரும்போது சாதுவாக வருவார்கள், கொஞ்ச நாளில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து டிரம், குடம், பக்கெட், சோறு வடிக்கிற குண்டான் வரைக்கும் தண்ணீர் பிடித்து வைப்பார்கள், மற்ற ரூம்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், இவர்கள் மூட்டை கட்டுவார்கள். அந்த ரூமுக்கு ராசி இல்லை, நல்லவர்களையே பேராசை பிடிக்க வைக்கிறது என்று உன் அப்பா முடிவு கட்டி, வாஸ்து பார்க்கிற ஒருவரைக் கூட்டி வந்து, சுவரை இடித்து வாசலைக் கிழக்கே திருப்பி, திருஷ்டிப் பூசணிக்காயும் கட்டினார். வாசல் திரும்பியது, சண்டை தீரவில்லை. பூசணிக்காய் அழுகி ஒரு நாள் அவர் தலையிலேயே விழுந்தது. நான் சிரித்த சிரிப்புக்கு ரெண்டு வேளை என்னோடு பேசவில்லை, வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா.

இப்போது அங்கே இருப்பவள் இசக்கிசெல்வி, தென்காசிப் பக்கம், செல்போன் கம்பெனியில் லைன் வேலை. முதல் ரூம் கனகலட்சுமிக்கும் அவளுக்கும் தினம் தகராறு, இன்னாமே, ஊர் தண்ணியெல்லாம் உனுக்கு மட்டுந்தானா என்று கனகலட்சுமி கேட்க, எல்லாருமாகச் சேர்ந்து அந்தப் பெண்ணைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், உன் அப்பாவும் தலையாட்டிவிட்டார். அவள் என்னிடம் வந்து, எக்கா, ஒத்தப் பொம்பளப் பிள்ளைக்கு வேற யாரு ரூம் தருவாவ, ஊருக்குப் போனா எங்கய்யா கல்யாணத்தப் பண்ணி வச்சு வேலைய நிப்பாட்டிருவாவ என்று அழுதாள். அதை உன்னிடம் சொன்னபோது நீ ஒன்றுதான் கேட்டாய், ஆள் மாறிக்கினே கீறாங்க, சண்டை மட்டும் மாறல, அப்போ அங்க மாறாம இருக்கிறது இன்னாதும்மா, அது சாமி வச்சதா மனுஷன் வச்சதா, போய்ப் பாரு என்று. சின்னதிலேயே நீ அப்படித்தான், ஒரகடம் சிக்னலில் பஸ் நின்றால் இந்தச் சிவப்பை இவ்வளவு நேரம் யார் எரியச் சொன்னது என்று கேட்டு என் உயிரை வாங்குவாய். வாயை மூடுடி என்று அதட்டினேனே தவிர, பக்கத்து சீட்காரியிடம் என் பொண்ணு கேக்கறத பாத்தியா என்று ஜாடை காட்டாமல் இருந்ததில்லை.

போய்ப் பார்த்தேன். மாடித் தொட்டியிலிருந்து பைப்பின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு நடந்தேன். ஒரகடத்தில் ஒவ்வொரு கம்பெனியாக வர வர உன் அப்பா ஒவ்வொரு ரூமாகக் கட்டினாரா, ஒவ்வொரு தடவையும் முந்தின ரூம் பைப்பிலிருந்தே அடுத்த ரூமுக்கு இழுத்துவிட்டார். முதல் ஷிப்ட் நேரத்தில் ஐந்து ரூமிலும் குழாயைத் திறந்தால் ஆறாவதில் நூல் மாதிரிதான் வரும். அதனால்தான் அங்கே யார் வந்தாலும் முன்னாலேயே எழுந்து பிடித்தார்கள். பேராசையாவது மண்ணாவது.

சொன்னால் கனகலட்சுமி நம்புவாளா. ஒரே ஒரு நாள் காலையில் ரூமை மாத்திக்கினு குளிச்சுப் பாரேன் என்றேன். இன்னா யக்கா, நானும் பேராசைக்காரி ஆயிடுவேனான்னு பாக்குறியா என்று சிரித்துக்கொண்டே துண்டோடு போனாள். தலையில் சீயக்காய் தேய்த்த நேரம் தண்ணீர் நின்றது. யார்மே அங்க குழாயத் தொறந்தது, மூடுங்கமே, கண்ணு எரியுது என்று அவள் போட்ட சத்தம் மணிமங்கலம் வரைக்கும் கேட்டிருக்கும். முதல் ரூமில் சோவென்று கொட்டுகிற தண்ணீரில் குளித்துக்கொண்டே இசக்கிசெல்வி பதில் கொடுத்தாள் பார், எக்கா, ஊர்த் தண்ணியெல்லாம் ஒங்களுக்கு மட்டுந்தானா என்று. வரிசை முழுக்கச் சிரிப்பு. கனகலட்சுமி வெளியே வந்து நேராக உன் அப்பாவிடம் போய், அந்தப் பொண்ணு எங்கியும் போவாது, மொதல்ல பைப்ப மாத்துண்ணா என்றாள். பிளம்பர் பேச்சிராஜ் வந்து தொட்டியிலிருந்து கடைசி ரூமுக்குத் தனிப் பைப்பு போட்டான். எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க என்று கேட்டான், என் பொண்ணு ஜெர்மனியில உக்காந்துக்கினே கண்டுபுடிச்சா என்றேன், அவனிடம் மட்டுமா, ரேஷன் கடை வரிசை முழுக்கச் சொன்னேன். வாஸ்து பார்த்த பலன் இப்பதான் வேலை செய்யுது என்று உன் அப்பா சொல்லித் திரிகிறார், சொல்லட்டும்.

இப்போது உன் விஷயத்துக்கு வா. தீபாவளிக்குப் பேசும்போது நீயே சொன்னாய், உனக்கு முன்னால் அந்த சீட்டில் ரெண்டு பேர் இருந்தார்கள், ரெண்டு பேரும் காலைக் கணக்கில் தப்பு விட்டு, மந்தம் என்று பேர் வாங்கிப் போனார்கள் என்று. நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. மூன்றாவது ஆளாக நீ போயும் அதே காலை, அதே தப்பு. என் மகளுக்கு மூளை பத்தாதாம், நீயும் உன் அப்பா மாதிரி பூசணிக்காய் கட்டப் போகிறாயா. எங்கோ இருக்கிற இசக்கிசெல்விக்காகக் கேட்ட கேள்வியை உனக்காக ஒரு தடவை கேட்டுக்கொள்ளக் கூடாதா. அந்தக் கணக்கு எங்கே பிறந்து யார் யார் கை மாறி உன் மேஜைக்கு வருகிறது என்று விரலை வைத்துக்கொண்டே போய்ப் பார். நம்பாவிட்டால் உன் மேலதிகாரியை ஒரு காலை உன் சீட்டில் உட்கார வை, சீயக்காய் மட்டும் வேண்டாம். அப்படியும் தப்பு உன்னிடம்தான் என்றால் தாராளமாக வந்துவிடு, நம் வீட்டு வாசல் எந்தத் திசை பார்த்தாலும் உனக்குத் திறந்துதான் இருக்கிறது. ஆனால் பார்க்காமல் வராதே.

குளிருக்குக் காதை மூடிக்கொள், ரொட்டியையே தின்றுகொண்டிருக்காமல் சோறு வடி. இசக்கிசெல்வி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், அவள் பார்க்காத அக்காவாம் நீ. தண்ணீர் பிடித்து வைத்த டிரம்முக்கு இப்போது வேலை இல்லை, மண் போட்டுக் கறிவேப்பிலை வைத்திருக்கிறாள், துளிர் விட்டிருக்கிறது. நீ நன்றாக இருப்பாய், மகராசி. பார்த்துவிட்டுப் போன் பண்ணு, அன்றைக்கு நானே ஸ்பீக்கரில் போடுகிறேன்.

உன் அம்மா,
நா. சந்திரம்மாள்