காமாலை என்று சொன்னேன்

நோர்வூட்,
3-10-1965

அன்புள்ள அண்ணனுக்குப் பூரணி எழுதுவது.

எல்லோரும் தூங்கியபின் குப்பி விளக்கில் எழுதுகிறேன். யாரிடமும் காட்டிவிடாதீர்கள்.

போன வருடம் அம்மாவின் குடலில் கட்டி எடுத்தார்களே, அந்தக் கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து போன வாரம் இங்கிலீஷில் கடிதம் வந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா வருவதற்குள் அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். புற்று ஈரலுக்குப் பரவிவிட்டதாம். ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் மெல்லிய குழாயைச் செருகி, மருந்தை ஈரலுக்கு மட்டும் விட்டுப் பார்ப்பார்களாம். இருபதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டுமாம்.

அம்மா என் கையைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "அப்பாகிட்ட காமாலைன்னு சொல்லிரு. நான் ஆஸ்பத்திரியில படுத்தா கொழுந்து பறிக்க மலைக்கு உன் பேரைப் பதிஞ்சிருவாரு. அப்புறம் ஏது பள்ளிக்கூடம்?"

கண்ணெல்லாம் மஞ்சளாக இருப்பதால் அப்பா நம்பிவிட்டார். தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே குடிக்கிறாள். அண்ணே, எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கை,
பூரணி

கொழும்பு,
8-10-1965

அன்புத் தங்கச்சிக்கு,

முதலாளியிடம் அரைநாள் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மறைக்கவில்லை. "முழுசாக் குணமாகும்னு சொல்ல மாட்டேன். கட்டி சுருங்கினா ஒரு வருஷம் கிடைக்கலாம். வைத்தியத்துக்கு வராட்டி தைப்பொங்கலைத் தாண்டுறது கஷ்டம்" என்றார்.

எனக்கு ஊருக்கு வர லீவு இல்லை. நீதான் அப்பாவிடம் சொல்ல வேண்டும். உன்மேல் எனக்குக் கோபமில்லை. உன் வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

உன் அண்ணன்,
சோலைமலை

நோர்வூட்,
18-10-1965

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அம்மியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இத்தனை நாளா அரைச்சு ஊத்துனேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா ஆயி?" என்றார். அவ்வளவுதான்.

அம்மாதான் அசையவில்லை. "அவ படிப்பை நிப்பாட்ட மாட்டேன்னு கற்பூரம் அடிச்சுச் சொல்லுங்க, ரயில் ஏறுறேன்" என்றாள். அப்பா கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார். அதன் பிறகுதான் நேற்று இருவரும் ஹட்டனில் ரயில் ஏறினார்கள். இந்நேரம் உங்களிடம் வந்து சேர்ந்திருப்பார்கள்.

அவர்கள் போனதும் கங்காணி அழகுமுத்து வாசலில் வந்து நின்றார். "ரெண்டு பேரும் வேலைக்கு இல்லாத குடும்பத்துக்கு லயத்துல காம்பரா எதுக்குன்னு தோட்டத்துத் தொரை கேப்பாரு புள்ள" என்றார். அப்பா சத்தியத்தை மீறவில்லை அண்ணே. இன்று காலை பெரட்டில் ஆள் பிரிக்கும்போது நானாகத்தான் போய் நின்று மலை வேலைக்குப் பேரைக் கொடுத்தேன்.

குழாய் வைத்து முடிந்ததும் அம்மா என்னைத்தான் கேட்பாள். பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள். அப்பாவிடமும் அப்படியே சொல்லுங்கள்.

பூரணி