கிளட்சில் படகு ஆயில் ஊற்றிய மாப்பிள்ளைக்கு

என் அருமை மாப்பிள்ளை ராஜா,

மேலே சௌக்கியமாகத்தான் இருப்பாய். உனக்கென்ன! இங்கிலாந்தில் பிறந்த அந்தப் பச்சை ஸ்போர்ட்ஸ் காரை அந்தமானில், கராச்சர்மாவில் இருக்கும் உன் வீட்டு ஷெட்டில் நிறுத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய். அதன் கிளட்சோடு மூன்றாம் உலகப் போர் நடத்தத்தான் இந்த அப்பாவி மச்சான் இருக்கிறேனே.

போன வாரம் உன் பெண்டாட்டி, என் தங்கை கமலா, தீர்ப்பு வாசித்துவிட்டாள். "அண்ணே, ஞாயித்துக்கெழமைக்குள்ள அது தானா நகரணும். இல்லேன்னா பழைய சாமான் வாங்குற கபாடிகாரன் வந்து இரும்புக்குத் தூக்கிட்டுப் போகட்டும்." உன் மகள் செல்வி என் சட்டையைப் பிடித்தாள். "மாமா, கப்பல் எஞ்சினையே பல்லால கழட்டுனேன்னு அப்பாகிட்ட அளந்தீங்கல்ல? இப்ப கழட்டுங்க."

கழற்றினேன். கிளட்ச் மிதி, மிதித்த இடத்திலேயே படுத்துக்கொண்டது. சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் ஊறவைத்த கொண்டைக்கடலையாய் உப்பி அடைத்துக் கிடந்தது.

"உங்கப்பா இதுல என்னடி ஊத்துனாரு?"

"கப்பல் வரலேன்னு பஜார்ல இதுக்கு ஊத்துற பிரேக் ஆயில் இல்ல மாமா. டூரிஸ்ட் போட்காரர்கிட்ட ஸ்டியரிங் ஆயில் வாங்கியாந்து ஊத்துனாரு. 'சலேகா, இதுவே போதும்'ன்னாரு."

சலேகாவா? அடப்பாவி! படகு ஆயில் பட்டால் கிளட்ச் ரப்பர் ஊதிப்போகும் என்று இந்தத் தீவின் முதலைகளுக்குக்கூடத் தெரியுமே!

நெஞ்சு வலித்த அன்றும் இதே சலேகாதானே? சோடா குடித்தால் சரியாகிவிடும் என்றாய். ஆட்டோ கூப்பிடப் போன கமலாவை அதட்டி உட்காரவைத்தாய். கையில் அகப்பட்டதை ஊற்றிச் சமாளிக்க உன் நெஞ்சு என்ன, காரா? பதில் சொல்லேன்.

இங்கிலாந்திலிருந்து சாமான் வரவழைத்தால் பாதி அந்தமானை எழுதிக் கொடுக்க வேண்டும். ஜங்லிகாட்டில் ஒரு பட்டறையில் பழைய அம்பாசடருக்கென்று வாங்கிப் போட்டிருந்த வாஷர்கள் அளவு பொருந்தின. உப்புக்காற்று அரித்த சிலிண்டரை உப்புத்தாளால் தேய்த்தேன். குழாயை ஸ்பிரிட் விட்டுக் கழுவினேன். சரியான ஆயிலை ஊற்றிக் காற்றை வெளியேற்ற நான் வண்டிக்கடியில், செல்வி மிதியில். "மிதி... பிடி... விட்றாதடி!" விட்டாள். ஆயிலில் எனக்கு மகா கும்பாபிஷேகம். ஆனாலும் கடைசிக் குமிழி வெளியே வந்தது. மிதி எழுந்து நின்றது.

ஞாயிறு காலை கபாடிகாரன் வாசலில் நிற்கும்போதே கியர் விழுந்தது, வண்டி நகர்ந்தது. உலகை வென்ற சக்கரவர்த்தியாய், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கமலா வந்தாள்.

"எறங்குங்கண்ணே."

இரண்டே சீட்டுள்ள வண்டியைத்தானே வாங்கித் தொலைத்தாய்! அவர்கள் அபர்டீன் பஜாருக்குப் பறந்தார்கள். நானும் கபாடிகாரனும் ரோட்டில் நின்றோம்.

நீ போனதிலிருந்து உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத கமலா, வழியெல்லாம் உன்னைத் திட்டினாளாம். சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தும் நிறுத்தவில்லையாம். முகம் வீங்கித் திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "அடுத்த ஞாயிறும் போகணும்ணே. இன்னும் பாதிகூடத் திட்டி முடிக்கல."

ஆகவே வாக்குக் கொடுக்கிறேன், மாப்பிள்ளை. அவள் திட்டித் தீரும்வரை அந்தக் கிளட்சைச் சாக விடமாட்டேன். அதற்குப் பிறகு என் முறை.

கோபம் தணியாத,
உன் மச்சான் முத்து