கனம் தூக்கக் கூடாது

மார்ச் 4
எச்சில் விழுங்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. கிடங்கில் மூட்டை இறக்கும்போது கண் இருட்டியது. என்னோடு சுமக்கும் ஒட்டகம் (ஆள் அவ்வளவு உயரம்) தன் பழைய தொண்டைவலிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த மாத்திரைகளைக் கொடுத்தான். எங்களுக்கு டாக்டர் என்றால் பக்கத்தில் நிற்பவன்தான்.

மார்ச் 7
உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. கழுத்தின் இரு பக்கமும் கட்டி. அக்கா பார்த்துவிட்டு, காலையில் முதல் வேலை ஆஸ்பத்திரி என்றாள்.

மார்ச் 8
டாக்டரம்மா மாத்திரை அட்டையைப் பார்த்ததுமே பிடித்துவிட்டார். சுரப்பிக் காய்ச்சலில் இதைப் போட்டால் இப்படித் தடிக்குமாம். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. எச்சிலில் பரவுவது, ஓய்வுதான் வைத்தியம். இடது விலாவுக்குக் கீழே அழுத்தினார். உயிர் போனது. மண்ணீரல் வீங்கியிருக்கிறது.
"காய்ச்சல் விட்டதும் தேறிட்டோம்னு நினைச்சுடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் கனம் தூக்கக் கூடாது. மண்ணீரல் கிழிஞ்சா உள்ளேயே ரத்தம் கொட்டும்."
எச்சில்! லாரியைப் பின்னால் எடுக்க எங்களுக்கு ஒரே விசில். ஷிப்ட் மாறினால் வாய்க்கு வாய் போகும். ஆளுக்கொன்று கேட்டபோது சூப்பர்வைசர், கச்சேரியா நடத்தப்போகிறீர்கள் என்றார். நாங்களும் பல்லைக் காட்டினோம்.

மார்ச் 15
காய்ச்சல் இல்லை. ஆனால் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒட்டகம் பார்க்க வந்தான். பேச்சுக்கு நடுவே கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். அதே கட்டிகள். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். இடது விலா வலிக்கிறதா என்று கேட்டேன்.
"மூட்டை தூக்குறவனுக்கு எந்த எலும்புடா வலிக்காது? நீ ராஜா மாதிரி படு. உன் பங்கையும் சேத்து நான் தூக்குறேன்ல."
குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னான். அதனால்தான் குத்துகிறது.

மார்ச் 18
சூப்பர்வைசரை போனில் பிடித்து, ஒட்டகத்துக்குக் கனம் கொடுக்காதீர்கள் என்றேன்.
"அவனை விடு, நீ எப்ப வர்ற? நாளைக்கு வரலேன்னா வேற ஆள் போட்டுடுவேன்."
போறதா? போனா அவனுக்குப் பாதிச் சுமை குறையும். எனக்குக் கிழியும். போகலேன்னா அவனுக்குக் கிழியும். யாரு போட்ட கணக்குடா இது?

மார்ச் 19
சட்டையை மாட்டிவிட்டேன். அக்கா வாசலை மறித்து நின்றாள். அப்போதுதான் போன் வந்தது. முதல் லாரியிலேயே ஒட்டகம் இடது விலாவைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டானாம். முகம் வெள்ளைத் தாள் போல ஆகிவிட்டதாம்.
வெறும் வயிற்றோடு வந்திருப்பான் என்கிறார் சூப்பர்வைசர்.

மார்ச் 20
மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது.

மே 6
டாக்டரம்மா இனி தூக்கலாம் என்றுவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி வேலையில் சேர்ந்தேன். ஒட்டகத்தின் இடத்தில் புதிதாக ஒரு பிள்ளைக்குட்டிக்காரர். தண்ணீர் குடித்தபோது முகத்தைச் சுளித்தார்.
"தொண்டையாண்ணே?"
"ரெண்டு நாளா இருக்கு. வெளிய சொல்லிடாத தம்பி."
அவர் தோளிலிருந்த மூட்டையை இறக்கிக் கீழே போட்டேன். அதன் மேலேயே அவரை உட்காரவைத்தேன். லாரி காத்து நின்றது. சூப்பர்வைசர் எங்களைப் பார்த்து நடந்து வந்தார். நானும் புதியவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.